ஏரிக்கரையில் ஒரு சம்பளமில்லாப் பள்ளிக்கூடம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மேற்கே பெர்க்‌ஷயர் மலைகள் எழத் தொடங்கும் இடத்தில் ரஸ்ஸல் என்ற சிற்றூர் இருக்கிறது. காட்டுக்கு நடுவே ரஸ்ஸல் பாண்ட் என்னும் சிறு ஏரி. அதன் கரையில் ஆகஸ்ட் மாதத்தில் இரண்டு வாரம் நடப்பது மாசசூசெட்ஸ் இளையோர் இயற்கைப் பாதுகாப்பு முகாம். 13 முதல் 17 வயது வரையிலான பையன்களும் பெண்களும் அங்கேயே தங்கி மீனையும் மரத்தையும் படிக்கிறார்கள். துடுப்புப் போடவும் வரைபடம் பார்த்து நடக்கவும் துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளவும் பழகுகிறார்கள். 1949-ல் தொடங்கிய இந்த முகாமை நடத்துவது லாப நோக்கில்லாத ஒரு சிறு அமைப்பு. பொறுப்பில் இருப்பவர்கள் தன்னார்வலர்கள். மாநில வனவிலங்குத் துறையினரும் சுற்றுச்சூழல் காவல்துறையினரும் வந்து வகுப்பெடுப்பார்கள். பல பிள்ளைகளுக்கான கட்டணத்தை அவரவர் ஊரிலுள்ள வேட்டை, தூண்டில் சங்கங்கள் கட்டிவிடுகின்றன.

முகாம் நடக்கும் இடம் சாரணர் இயக்கத்துடையது. அதற்கு ஹொரேஸ் மோசஸ் என்ற காகித ஆலை அதிபரின் பெயர். ரஸ்ஸல் ஊர் எல்லைக்குள்ளேயே அவருடைய ஸ்ட்ராத்மோர் நிறுவனத்தின் ஆலை ஓடியது. காகிதத் தொழிலில் பெயரெடுத்தவரின் பெயர் மரங்களைக் காக்கக் கற்றுத்தரும் காட்டுக்கு வாய்த்திருக்கிறது. அந்த நாட்டின் இயற்கைப் பாதுகாப்பு வரலாற்றில் இப்படிப்பட்ட முரண்கள் நிறைய. முகாமின் பாடத்திட்டமே அவற்றில் ஒன்று என்பது போகப்போகத் தெரியும்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளை நீர்க்கரைக்கு அனுப்பும் வழக்கம் அமெரிக்காவின் வடகிழக்கில் பழையது. 1861-ல் கனெக்டிகட் மாநிலப் பள்ளி ஆசிரியர் ஃபிரெடரிக் கன் தம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கடற்கரையில் கூடாரம் அடித்ததைத்தான் முதல் முகாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். 1881-ல் எர்னஸ்ட் பால்ச், நியூ ஹாம்ப்ஷயரின் ஸ்குவாம் ஏரித் தீவு ஒன்றில் முகாம் தொடங்கினார். வசதியான வீட்டுப் பையன்கள் வேலைக்காரர்களை அதிகாரம் செய்தே வளர்கிறார்கள், அவர்கள் தம் பாத்திரத்தைத் தாமே கழுவட்டும் என்பது அவர் நோக்கம். இந்தத் தொடக்ககால முகாம்கள் ஒழுக்கத்தையும் உடல் உரத்தையும் குறியாகக் கொண்டவை. ஏரியும் காடும் அவற்றுக்கு வெறும் களம்தான், பாடமானது பிறகு.

அந்த மாற்றத்துக்குக் காரணம் விலங்குகள் அழிந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காட்டை வெட்டி வயலாக்கியதும், சந்தைக்காகக் கணக்கு வழக்கின்றி வேட்டையாடியதும் சேர்ந்து பல உயிரினங்களைத் துடைத்துப் போட்டன. மாசசூசெட்ஸின் கடைசிக் காட்டு வான்கோழி 1851-ல் மவுன்ட் டாம் மலையில் சுடப்பட்டது. ரஸ்ஸலிலிருந்து அந்த மலை அதிகத் தொலைவில்லை. 1900-ல் வந்த லேசி சட்டம், சட்டவிரோதமாகக் கொன்ற விலங்கை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோய் விற்பதைத் தடுத்தது. 1930-களில் வறட்சியும் புழுதிப்புயலும் வாத்துகளின் சதுப்பு நிலங்களைக் காயவைத்தபோது, கேலிச்சித்திரக்காரர் ‘டிங்’ டார்லிங் போன்றவர்கள் வேட்டைக்காரர்களையே நிதிக்குப் பொறுப்பாக்கினார்கள். 1934 முதல் வாத்து வேட்டைக்குப் போகிறவர் கூட்டாட்சி அரசின் முத்திரை வில்லை ஒன்றை வாங்கியாக வேண்டும். அன்று அதன் விலை 1 டாலர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய லட்சக்கணக்கான இளைஞர்கள் துப்பாக்கியோடும் தூண்டிலோடும் காட்டுக்குப் போனார்கள். கூட்டம் கூடியது, விபத்துகளும் கூடின. நியூயார்க் மாநிலம் 1947-ல் இளையோருக்கான இயற்கைப் பாதுகாப்பு முகாம்களைத் தொடங்கியது. 1949-ல் வேட்டைப் பயிற்சியைச் சட்டமாக்கிய முதல் மாநிலமும் அதுவே. அதே ஆண்டு மாசசூசெட்ஸ் முகாம் பிறந்தது. அண்டை மாநிலமான வெர்மான்ட் 1966-ல் போமோசீன் ஏரிக்கரையில் தன் ‘கிரீன் மவுன்டன்’ முகாமைத் திறந்தது. பின்னர் உட்பரி ஊரின் பக் ஏரிக்கரையிலும் ஒன்று வந்தது. வெர்மான்ட், நியூயார்க் முகாம்களை அரசுத் துறை நேரடியாக நடத்துகிறது. மாசசூசெட்ஸில் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். பாடங்கள் ஏறக்குறைய ஒன்றே. செலவு எங்கிருந்து வருகிறது, ஆள் எங்கிருந்து வருகிறார் என்பதில்தான் வேறுபாடு.

இந்தப் பணவழி கொஞ்சம் நின்று பார்க்கத் தக்கது. 1937-ன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா தயாரிப்பாளர்கள் கட்டும் 11 விழுக்காடு வரி, கைத்துப்பாக்கிக்கு 10 விழுக்காடு, நாட்டின் பொதுக் கருவூலத்தில் கரைந்துவிடாமல் மாநில வனவிலங்குத் துறைகளுக்கே போய்ச் சேர்கிறது. 1950-ல் வந்த டிங்கெல்-ஜான்சன் சட்டம் தூண்டில் சாமான்களுக்கும் இதே வழியைத் திறந்தது. பணம் வேண்டுமென்றால் மாநிலம் ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட வேண்டும்: வேட்டை உரிமக் கட்டணத்தில் ஒரு காசைக்கூட வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது. 1970-களின் தொடக்கத்தில் கைத்துப்பாக்கியும் வில் அம்பும் வரிக்குள் வந்தபோது, அந்த வருவாயில் பாதியை வேட்டைப் பயிற்சிக்கும் சுடுதளங்களுக்கும் செலவிடலாம் என்று சட்டம் வழி செய்தது.

கூட்டாட்சி அரசு ஒரு திட்டத்தின் செலவில் 75 விழுக்காடு வரை தரும். மீதி 25 மாநிலத்தின் பங்கு. அந்தப் பங்கை ரொக்கமாகத்தான் தர வேண்டும் என்பதில்லை. வேட்டைப் பயிற்சி வகுப்பெடுக்கும் தன்னார்வலரின் நேரத்துக்கு ஒரு மதிப்புப் போட்டு அதையே மாநிலப் பங்காகக் காட்டலாம். எடுத்துக்காட்டாக, ஒரு மணி நேரத்துக்கு 30 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஊதியம் வாங்காத ஆசிரியரின் ஒரு மணி நேரம் 90 டாலரை வாஷிங்டனிலிருந்து இழுத்து வருகிறது. அதனால்தான் இந்தப் பயிற்சியாளர்கள் வகுப்பு முடிந்த கையோடு நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. சேவை செய்ய வந்தவரிடம் வருகைப் பதிவேடா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்தத் தாள் இல்லாவிட்டால் பணமும் இல்லை. முகாமின் எல்லா உழைப்பும் இந்தக் கணக்கில் ஏறுவதில்லை. சமையற்கட்டில் நிற்பவரின் வியர்வைக்கு எந்தச் சட்டமும் மதிப்புப் போடவில்லை.

பாடங்களுக்கு வருவோம். இத்தகைய முகாம்களில் ஏரியே முதல் பாடநூல். ஏரியைப் படிக்க இருக்கும் கருவிகளில் மிக எளியது செக்கி தட்டு: கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கால்வட்டங்கள் தீட்டிய, 20 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டத்தகடு. இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்சலோ செக்கி 1865-ல் கடலில் சோதித்த முறையிலிருந்து வந்தது. அளவு குறித்த கயிற்றில் கட்டிப் படகின் நிழல் பக்கமாக மெல்ல இறக்க வேண்டும். தகடு கண்ணிலிருந்து மறையும் ஆழம் ஒன்று. மேலே இழுக்கும்போது மீண்டும் தெரியும் ஆழம் இன்னொன்று. இரண்டின் சராசரிதான் நீரின் தெளிவு. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் கணக்கு கெட்டுவிடும். ஒரே ஏரியில் ஆண்டுதோறும் இதைக் குறித்து வந்தால், கரையோர வீடுகளின் கழிவும் புல்வெளி உரமும் பாசியைப் பெருக்குகின்றனவா என்பது விலையுயர்ந்த ஆய்வகம் இல்லாமலே தெரிந்துவிடும்.

ஆழமான ஏரியில் வெப்பமானியை இறக்கினால் இன்னொரு செய்தி கிடைக்கும். தண்ணீர் மிகக் கனமாக இருப்பது 4 பாகை செல்சியசில். அதனால் கோடையில் சூடான, இலேசான நீர் மேலே மிதக்க, குளிர்ந்த நீர் அடியில் தங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையில் சில மீட்டர் ஆழத்துக்குள் வெப்பம் சட்டென்று விழும் ஓர் அடுக்கு. அங்கே நீந்தியவர்களுக்குத் தெரியும், இடுப்புக்கு மேல் இதமாகவும் பாதத்தில் பனிக்கட்டியாகவும் இருக்கும். அடிநீருக்குக் கோடை முழுதும் காற்றோடு தொடர்பில்லை. மட்கும் இலைகள் உயிர்வளியைத் தின்று தீர்த்தால், குளிர்ந்த நீரைத் தேடும் டிரவுட் மீன் மேலேயும் வாழ முடியாமல் கீழேயும் வாழ முடியாமல் ஒரு மெல்லிய இடைப்பட்டையில் மாட்டிக்கொள்கிறது. இலையுதிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனத்ததும் காற்று ஏரியைத் தலைகீழாகக் கலக்கிவிடும். ஆகஸ்டில் எந்த ஆழத்தில் தூண்டில் போட வேண்டும் என்ற கேள்விக்கு விடை இந்த இயற்பியலில் இருக்கிறது. மீன் பிடிக்கும் ஆசையில் வந்த பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வெப்பநிலை வரைபடம் ஏறுவதும் இப்படித்தான்.

தூண்டில் பெட்டியைத் திறந்தால் சட்டமும் வரும். ‘லூன்’ என்பது வடநாட்டு ஏரிகளின் முக்குளிக்கும் பெரிய பறவை. உண்ட மீனை அரைக்க அது அடியிலுள்ள சிறு கற்களை விழுங்கும். அறுந்து விழுந்த ஈயக்குண்டு அதற்குக் கல்லாகத்தான் தெரியும். ஈயக்குண்டு சிக்கிய மீனை விழுங்கினாலும் இதே கதி. ஒரே ஒரு குண்டு போதும், சில வாரத்தில் பறவை செத்துவிடும். மாசசூசெட்ஸை விட்டே போய்விட்டிருந்த லூன் 1975-ல் குவாபின் நீர்த்தேக்கத்தில் மீண்டும் கூடு கட்டியது. 2012 முதல் அம்மாநிலத்தின் உள்நாட்டு நீர்நிலைகள் எல்லாவற்றிலும் 1 அவுன்ஸுக்கு, அதாவது 28 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டுக்குத் தடை. வெள்ளீயம், எஃகு, டங்ஸ்டன் குண்டுகள் கடையில் கிடைக்கின்றன. இவற்றில் டங்ஸ்டன் விலை கூடுதல். அதனால் தாத்தா காலத்து ஈயக்குண்டுகள் பல வீட்டுப் பெட்டிகளில் இன்னும் கிடக்கத்தான் செய்கின்றன.

படகைக் கரையேற்றிய பின் தண்ணீரை வடித்து, களை ஒட்டியிருந்தால் பிய்த்துப் போட்டு, வெயிலில் காயவைக்கச் சொல்வதற்கும் காரணம் பக்கத்திலேயே உண்டு. 1988-ல் அமெரிக்கப் பேரேரிப் பகுதியில், கப்பல்களின் நிலைப்படுத்தும் நீரோடு வந்ததாகக் கண்டறியப்பட்ட வரிச்சிப்பி, 2009-ல் இதே மேற்கு மாசசூசெட்ஸின் லாரல் ஏரிக்கு வந்துவிட்டது. ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்கு அதைக் கொண்டுபோவது பெரும்பாலும் கழுவாத படகுதான்.

நீரில் இறங்கும் முன் நீந்தத் தெரிகிறதா என்று சோதிப்பது மாசசூசெட்ஸ் முகாம்களில் சட்டக் கட்டாயம். 2007-ல் நான்கு வயதுக் குழந்தை ஒன்று கோடை முகாமில் மூழ்கி இறந்தது. அக்குழந்தையின் பெயரால் 2012-ல் வந்த சட்டம், நீந்தத் தெரியாதவர்களைப் பிரித்தறிந்து மிதவைச் சட்டை தர வேண்டும் என்கிறது. குளிக்கும் இடத்தில் ஜோடி முறை நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு கூட்டாளி. கரைப் பலகையில் இருவரின் பெயர் வில்லைகளும் சேர்ந்து தொங்கும். சில நிமிடத்துக்கு ஒருமுறை விசில் ஊதினால் ஜோடிகள் கைகோத்து உயர்த்திக்காட்ட வேண்டும். எண்ணிக்கை சரியானால்தான் மறுபடி ஆட்டம். மூழ்குபவரைக் காப்பாற்றுவதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் கரையிலிருந்தே கழியை நீட்டு. எட்டாவிட்டால் கயிறோ மிதவையோ எறி. அதுவும் முடியாவிட்டால் படகில் போ. நீந்திப் போவது பயிற்சி பெற்றவருக்கு மட்டும், கடைசி வழியாக. வீரத்தைக் கற்பிக்கும் இடம் என்று நினைத்து வருகிற பிள்ளைகளுக்கு இது முதலில் சப்பென்றுதான் இருக்கும். காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து மூழ்கிய செய்திகளைப் படிக்கிற எவருக்கும் இந்த வரிசையின் அருமை புரியும்.

கரையில் காந்த ஊசிப் பாடம். காந்த ஊசி காட்டுவது வரைபடத்தின் வடக்கை அல்ல. மேற்கு மாசசூசெட்ஸில் இரண்டுக்கும் இடையே சுமார் 13 பாகை விலக்கம் உண்டு. தமிழ்நாட்டில் அது ஓரிரு பாகைதான் என்பதால் இங்கே யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. அங்கே அதைத் திருத்தாமல் ஒரு கிலோமீட்டர் நடந்தால் போய்ச் சேர வேண்டிய இடத்திலிருந்து 200 மீட்டருக்கு மேல் தள்ளி நிற்க வேண்டியதுதான். அடர்காட்டில் அந்தத் தூரத்தில் கூடாரமும் தெரியாது, கூப்பிட்ட குரலும் கேட்காது.

மரம் அளக்க ‘பில்ட்மோர் குச்சி’ என்று ஒன்று. பார்ப்பதற்குப் பள்ளிக்கூட அடிக்கோல்தான். ஆனால் கோடுகளுக்கு இடையே இடைவெளி சமமாக இராது. தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் மரத்தோடு ஒட்டிப் பிடித்து, கண்ணுக்கும் குச்சிக்கும் இடையே சுமார் 25 அங்குலம் விட்டுப் பார்த்தால் மரத்தின் விட்டத்தை நேரே வாசித்துவிடலாம். தள்ளி நின்று குச்சியின் இன்னொரு பக்கத்து அளவுகோலைப் பார்த்தால் உயரமும் வரும். கை நீளம் ஆளுக்கு ஆள் மாறுவதால் ஒரே மரத்துக்கு நாலு பேர் நாலு விடை சொல்வார்கள். அந்தச் சண்டையிலேயே அளவைப் பிழை என்ற பாடம் முடிந்துவிடும்.

மாலையில் உண்ணி தேடும் சடங்கு. லைம் நோய்க்கு அப்பெயர் வந்ததே பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டின் லைம் ஊரால்தான். 1975-ல் அங்கே பல பிள்ளைகளுக்கு ஒரே சமயத்தில் மூட்டு வீங்கியதை ஆராயப்போய் நோய் வெளிச்சத்துக்கு வந்தது. காரணமான நுண்ணுயிரை 1982-ல் அடையாளம் கண்டார்கள். உண்ணி கடித்த உடனே நோய் தொற்றிவிடுவதில்லை, பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும். ஆகவே முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமுடி என்று தினமும் பார்க்கிறார்கள். கசகசா அளவே இருக்கும் குட்டி உண்ணியை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். தீக்குச்சியால் சுடுவதும் எண்ணெய் பூசுவதும் கூடாது.

வனவிலங்கு வகுப்பில் மாசசூசெட்ஸ்காரர்கள் பெருமையாகச் சொல்லும் கதை வான்கோழியுடையது. 1851-ல் அற்றுப்போன பறவையைத் திரும்பக் கொண்டுவர, பண்ணையில் வளர்த்தவற்றை விட்டுப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. பிறகு 1972-73-ல் நியூயார்க்கில் வலைபோட்டுப் பிடித்த 37 காட்டுப் பறவைகளைப் பெர்க்‌ஷயர் காட்டில் விட்டார்கள். இன்று மாநிலத்தில் 30,000-க்கும் மேல். நகரத் தெருக்களில் கார்களை வழிமறிக்கும் அளவுக்குப் பெருகி, இப்போது அவற்றோடு எப்படி ஒத்துப்போவது என்று மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட மீட்புப் பணிகளுக்குப் பின்னால் நிற்பது பெரும்பாலும் வேட்டை உரிமப் பணமும் தோட்டா வரியும்தான்.

தமிழ் வாசகருக்கு நெருடும் இடமும் இதுவே. இயற்கைப் பாதுகாப்பு முகாமில் துப்பாக்கிக்கு என்ன வேலை? இந்தியாவில் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டையும் பாதுகாப்பும் எதிரெதிர்ச் சொற்கள். அமெரிக்கச் சட்டம் வேறு வழியில் போனது: சந்தைக்காகக் கொல்வதைத் தடுத்தது, உரிமம் பெற்றுப் பருவத்தில் வேட்டையாடுவதை ஒழுங்குபடுத்தியது, அதன் பணத்தில் காட்டைப் பராமரித்தது. ஓநாயும் மலைச்சிங்கமும் இல்லாத நியூ இங்கிலாந்தில் மான் அளவுக்கு மீறினால் காட்டின் இளங்கன்றுகள் மிஞ்சாது என்பதும் அவர்கள் வாதம். சுடுதளத்தில் சொல்லித்தருவதில் பெரும்பகுதி சுடாமல் இருப்பது பற்றியது: எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரப்பியதாகவே கருது, முனையை ஆபத்தில்லாத திசையில் வை, சுடத் தீர்மானிக்கும் வரை விசையில் விரல் வேண்டாம், இலக்கு எது, அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று உறுதி செய்துகொள்.

ஆனால் இந்தப் பணவழிக்கு ஒரு கோணல் உண்டு. 2016-ன் தேசியக் கணக்கெடுப்பில் அமெரிக்க வேட்டைக்காரர்கள் 1.15 கோடிப் பேர். விலங்கையும் பறவையையும் பார்த்து ரசிப்பவர்கள் 8.6 கோடிப் பேர். பறவை பார்ப்பவரின் இருகண்நோக்கிக்கும் மலையேறுபவரின் முதுகுப்பைக்கும் இப்படியொரு வரி இல்லை. போட முயன்றபோது அத்தொழில் நிறுவனங்கள் எதிர்த்தன. இன்னொரு பக்கம், இன்று விற்கும் துப்பாக்கிகளில் ஏராளமானவை வேட்டைக்கு அல்ல. தற்காப்புக்கும் குறிசுடுதலுக்கும் வாங்குபவை. நாட்டில் அச்சம் கூடித் துப்பாக்கி விற்பனை ஏறினால் மான்களுக்கும் வாத்துகளுக்கும் நிதி கூடுகிறது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. யாரும் மாற்றவும் இல்லை. முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்பும் சங்கங்களுக்கு இதில் ஒளிவுமறைவு கிடையாது. அடுத்த தலைமுறையில் உரிமம் வாங்குபவர் இல்லாவிட்டால் தம் ஏரிக்கும் காட்டுக்கும் பணமில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

தன்னார்வலர் என்றால் யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம் என்று பொருளல்ல. மாசசூசெட்ஸில் பிள்ளைகள் முகாம் நடத்த உள்ளூர்ச் சுகாதாரக் குழுவின் உரிமம் வேண்டும். ஊதியம் வாங்குபவரோ வாங்காதவரோ, எல்லோருடைய குற்றப் பின்னணியும் சரிபார்க்கப்படும். ஏழு வயதும் அதற்கு மேலும் ஆன பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர் என்பது விதி. மருத்துவப் பொறுப்பாளர் வேண்டும்; தடுப்பூசிச் சான்று, மருந்துப் பூட்டு, தீ விபத்து ஒத்திகை எல்லாம் வேண்டும். நல்ல மனத்தோடு தொடங்கும் சிறு முகாம்களுக்கு இந்தத் தாள் வேலை பெரும் சுமை. விதிகளைக் குறை சொல்லவும் முடியாது. நீச்சல் சோதனையைப் போல, சிலவற்றின் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது.

பெரிய சிக்கல் நாள்காட்டியில் இருக்கிறது. ஆகஸ்டில் தொடர்ந்து இரண்டு வாரம் ஏரிக்கரையில் இருக்க யாரால் முடியும்? ஓய்வுபெற்றவர், பள்ளி ஆசிரியர், கல்லூரி மாணவர், ஆண்டு விடுப்பு முழுவதையும் இதற்கே கொடுப்பவர். அரசு நடத்தும் வெர்மான்ட் முகாமில் சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். ரஸ்ஸலில் அதற்கு வழி குறைவு. எனவே வகுப்புகளை வெளியிலிருந்து வரும் அலுவலர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள்: மீனியல் நிபுணர் ஒரு நாள், காவல் அதிகாரி ஒரு நாள், வனத்துறைக்காரர் ஒரு நாள். இரவுக் காவலும் காலை எழுப்புதலும் அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துவதும் தங்கியிருப்பவர்களின் பாடு. அந்த இடங்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஆள் தேட வேண்டும். வேட்டை, தூண்டில் சங்கங்களில் தலை நரைத்தவர்களே மிகுதி என்பதால், முன்னாள் மாணவர்கள் இளம் உதவியாளராகத் திரும்பி வருவதை இம்மாதிரி முகாம்கள் பெரிதும் எதிர்பார்க்கின்றன. சங்கங்கள் தம் ஊர்ப் பிள்ளைகளின் பெயர்களைக் கொடுக்கும்போதே, அடுத்த சில ஆண்டுகளில் யார் துடுப்பு வகுப்பெடுப்பார் என்ற கணக்கும் ஓடத் தொடங்கிவிடுகிறது.